எஜமான் வரும்போது நாம் என்ன செய்துகொண்டிருப்போம்?

(கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலக் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, தாய்மார்களே!

போதகர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விழித்திருங்கள்’. நம் பக்கத்தில் இந்தச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. மதில்சுவரில் ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’. ஆட்டோவின் முதுகில் ‘மாரநாதா’, அதாவது ‘எங்கள் ஆண்டவரே வாரும்’. கன்வென்ஷன் பந்தலுக்குப் போனால் இரகசிய வருகை, உபத்திரவ காலம், ஆயிர வருட அரசாட்சி என்று வரைபடம் போட்டே விளக்குகிறார்கள். இவ்வளவும் கேட்ட நம்மிடம், ‘விழித்திருக்கிற ஒருவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வார்?’ என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

எருசலேம் தேவாலயம் இடிக்கப்படும் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, ஒலிவமலையில் சீஷர்களான பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா நாலு பேரும் ஆண்டவரிடம் தனியாக வந்து கேட்கிறார்கள்: இவை எப்போது நடக்கும், அடையாளம் என்ன? நாமும் இன்றுவரை அதையேதான் கேட்கிறோம். ஆண்டவர் யுத்தங்களைச் சொல்கிறார், பஞ்சத்தைச் சொல்கிறார், பூமியதிர்ச்சியைச் சொல்கிறார். ஆனால் நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்கிறார். குமாரனும் அறியார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதோடு தேதிக் கணக்கு முடிந்துவிட்டது. அப்புறம் அவர் சொல்வதெல்லாம் கதைகள்தான்.

மத்தேயு 24-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு வேலைக்காரனின் கதை இருக்கிறது. பத்துக் கன்னிகைகளின் கதை அளவுக்கு இதைப் பிரசங்கத்தில் கேட்பதில்லை. எஜமான் ஊருக்குப் போகிறார். போகும்போது ஒருவனிடம் பொறுப்பைக் கொடுக்கிறார். என்ன பொறுப்பு? ‘ஏற்றவேளையிலே தன் வேலைக்காரருக்குப் போஜனங்கொடுத்து அவர்களை விசாரிக்கும்படி’. அவ்வளவுதான். கோட்டைவாசலில் காவல் நிற்கச் சொல்லவில்லை, மாடியில் ஏறி நின்று பாதையைப் பார்க்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட வேண்டும். எஜமான் வரும்போது ‘அப்படிச் செய்கிறவனாய்க் காணப்படுகிற ஊழியக்காரனே பாக்கியவான்’ என்கிறார் ஆண்டவர்.

பொல்லாத வேலைக்காரன் எங்கே தவறினான் என்று பாருங்கள். வருகிற தேதியைத் தப்பாகக் கணக்குப் போட்டான் என்று அவன்மேல் குற்றச்சாட்டு இல்லை. ‘என் ஆண்டவன் வர நாள் செல்லும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான். அடுத்த நிமிடம் அவன் கை, கூட வேலை செய்கிறவன்மேல் விழுகிறது. மற்றவர்களுக்குப் போட வேண்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வெறியரோடு உட்கார்ந்து புசித்துக் குடிக்கிறான். ஆண்டவரின் வருகையை ஒருவன் மறந்துவிட்டான் என்பது அவன் போடுகிற ஸ்டேட்டஸில் தெரியாது. அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

விளக்குகளோடு மணவாளனுக்காகக் காத்திருந்த அந்தப் பத்துக் கன்னிகைகளின் கதையிலும் ஒன்றை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள், விளக்கோடு கூடப் பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுபோனார்கள்; மற்ற ஐந்து பேர் கொண்டுபோகவில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது தூங்கியது யார்? பத்துப் பேருமே தூங்கினார்கள்! புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள். அதற்காக அவர்களை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது, அதனால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. வருகை என்றாலே பயந்து, இரவெல்லாம் தூக்கம் வராமல் கிடக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது வேதம் அல்ல, நம்முடைய பிரசங்கங்கள்.

அப்போஸ்தலன் பவுல் ஏறத்தாழ கி.பி. 50-ல் தெசலோனிக்கே சபைக்கு எழுதுகிறார். கலகம் வந்து அவசரமாக விட்டுவந்த இளம் சபை அது. கர்த்தருடைய வருகையைப் பற்றிப் பவுலின் மிகப் பழைய வார்த்தைகள் அந்த முதல் நிருபத்தில்தான் இருக்கின்றன. திருடன் வருகிற விதமாய்க் கர்த்தருடைய நாள் வரும் என்கிற அதே நிருபத்தில், உங்கள் சொந்த அலுவல்களைப் பாருங்கள், சொந்தக் கைகளினாலே வேலை செய்யுங்கள் என்றும் சொல்கிறார். இரண்டாம் நிருபத்தில் குரல் கடுமையாகிறது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பவுல் எழுதியதாகவே ஒரு கடிதம் உலவியதுபோலவும் தெரிகிறது. சிலர் ‘யாதொரு வேலையும் செய்யாமல், வீண் அலுவற்காரராய்’ திரிகிறார்கள். ஏன் வேலையை விட்டார்கள் என்று பவுல் நேராகச் சொல்லவில்லை. வருகையைப் பற்றிய பரபரப்புதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ‘ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது’ என்பது அவர்களுக்கு எழுதியது. தடுப்பூசியில் 666, ஆதாரில் 666 என்று, வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் எண்ணைத் தேடித் தேடி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் பவுல் ஒரு வரி எழுதியிருப்பார்!

தேதி குறித்தவர்களின் கதை நீளமானது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி. வேதத்தில் தானியேல் புத்தகம் சொல்கிற 2,300 நாட்களை வருடங்களாகக் கணக்கிட்டு, 1843-44 வாக்கில் ஆண்டவர் வருவார் என்று போதித்தார். கடைசியில் அந்த இயக்கம் 1844 அக்டோபர் 22 என்ற தேதியில் வந்து நின்றது. சில விவசாயிகள் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டுவிட்டார்கள். அந்த இரவு கழிந்தது. விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு எழுதினார். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் வரவில்லையே என்று விடிய விடிய அழுகிற அன்பு நமக்கு இருக்கிறதா?

தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர் ஜஸ்டஸ் ஜோசப், வித்வான் குட்டி என்பார்கள். ஆறு வருடத்தில், அதாவது 1881-ல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்துத் தனிச் சபையே தொடங்கினார். அந்த வருடமும் வந்து போனது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. கணக்கு நிற்கவில்லை, துதி நிற்கிறது.

மூன்றாவதற்கு எனக்கு இவ்வளவு இரக்கம் இல்லை. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 நள்ளிரவு என்றார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நாள் வருவதற்கு முன்பே மோசடி வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். விசாரித்தால், மறுவருடம் முதிர்வடைகிற கடன் பத்திரங்களில் அவர் பணம் போட்டிருந்தார்.

இப்போது எனக்குப் பிடித்த ஆளிடம் வருகிறேன். 1780 மே 19. வடகிழக்கு அமெரிக்காவில் பட்டப்பகலில் வானம் இருண்டது. கோழிகள் கூடு அடைந்தன, மத்தியானச் சாப்பாட்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியிருந்தது. தூரத்துக் காட்டுத்தீயின் புகைதான் காரணம் என்று இன்று சொல்கிறார்கள். ஒன்டாரியோ காடுகளின் மரங்களில் அந்தக் காலத்துத் தீத்தழும்புகளைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு யாருக்கு அது தெரியும்? நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று நடுங்கினார்கள். கனெக்டிகட் சட்டசபையின் கீழவை கலைந்துபோனது. மேலவையையும் ஒத்திவைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஏபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்துவிட்டார். இது நியாயத்தீர்ப்பு நாள் இல்லையென்றால் ஒத்திவைக்கக் காரணமில்லை, அந்த நாள்தான் என்றால் என் கடமையைச் செய்கிறவனாகக் காணப்படவே விரும்புகிறேன், ஆகவே மெழுகுவர்த்திகள் கொண்டுவரட்டும் என்றார். மத்தேயு 24-ல் அந்த வேலைக்காரனிடம் எஜமான் எதிர்பார்த்தது இதைத்தான்.

‘அப்படியானால் ஜெபம் வேண்டாமா? வேலை மட்டும் போதுமா?’ என்று முன்வரிசை அம்மா ஒருவர் பார்வையாலேயே கேட்கிறார்கள். சரியான கேள்வி. மாற்கு 13-ல் வீட்டெஜமான் சாயங்காலத்திலோ, நடுராத்திரியிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, காலையிலோ வரலாம் என்கிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்திலிருந்து தொடர்ந்து வாசியுங்கள். சாயங்காலம் பந்தியில் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸ் இருக்கிறான். இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் ஜெபிக்கும்போது மூன்று பேர் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்குகிறார்கள். சேவல் கூவும்போது பேதுரு மறுதலிக்கிறார். காலையில் ஆண்டவரைப் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுக்கிறார்கள். எப்போது என்று ஒலிவமலையில் கேட்ட நாலு பேரில் மூன்று பேர்தான் கெத்செமனேயில் தூங்கினவர்கள். ஜெபிக்காததால் பேதுருவுக்குக் கடமை நேரத்தில் கால் நடுங்கியது. ஆகவே ஜெபத்தை நான் குறைக்கவில்லை அம்மா.

கடைசியாக, யாக்கோபு எழுதிய நிருபம். ‘கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்’ என்ற வசனம் நமக்குத் தெரியும். அதற்கு மூன்று வசனம் முன்னால் என்ன இருக்கிறது? வயலை அறுத்தவர்களின் கூலி பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று இருக்கிறது. அடுத்தாற்போலவே நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார் என்கிறார்.

பண்டிகை நெருங்குகிறது. பெயின்ட் அடித்தவர், துணி தைத்தவர், வீட்டில் பாத்திரம் கழுவுகிற அக்கா, ஒவ்வொருவருக்கும் நாம் பாக்கி வைத்திருப்போம். சபைக் கமிட்டியார் இங்கே இருக்கிறீர்கள். அதிகாலையில் எழுந்து வந்து மணி அடிக்கிற நம் கோயில்பிள்ளைக்கு எத்தனை மாதச் சம்பளம் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் பொருளாளரும் செயலரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பாருங்கள். நானும் இருக்கிறேன்.