மரபணு இருக்கிறது, புரதம்தான் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய் என்றதும் 'மரபணுவில் கோளாறு' என்பார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சங்கதி கொஞ்சம் வேறு.

நம் செல்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதை நிறுத்தி வைக்கும். பழுது சரியாகாவிட்டால் செல்லையே சாகவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இதன் மரபணு பிறழ்ந்திருக்கும்.

இப்போது ஹீலா செல்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலும் இறங்கியதில்லை! 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தவை. கேட்காமலே, அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவர் அதே ஆண்டு காலமானார். செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. அப்படியானால் பி53 மரபணு கெட்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, நன்றாகவே இருக்கிறது. புரதத்தைத் தேடினால்தான் அகப்படாது.

காரணம், உள்ளே குடிபுகுந்த எச்பிவி 18, அதாவது மனித பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகை. அதன் ஈ6 புரதம், செல்லின் சொந்த நொதி ஒன்றையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பி53 மேல் 'கழிவு' என்று முத்திரை குத்திவிடுகிறது. உருவாக உருவாகச் செல்லே அதைச் சிதைத்துவிடும். மரபணு இருக்கிறது, புரதம் இல்லை. ஈ7 என்பது இன்னொன்று; செல் பிரிவதைத் தடுத்துப் பிடிக்கும் ஆர்பி புரதத்தை அது முடக்கும்.

எச்பிவி இல்லாத கருப்பைவாய்ப் புற்றுச் செல் வகையும் உண்டு, பெயர் சி33ஏ. அதில் பார்த்தால் பி53, ஆர்பி இரண்டு மரபணுக்களுமே பிறழ்ந்திருக்கின்றன! வைரஸ் இருந்தால் பிறழ்வு தேவையில்லை. வைரஸ் இல்லாவிட்டால் பிறழ்வு வந்து அந்த வேலையைச் செய்கிறது. ஹீலாவில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கிப் பார்த்தார்கள். பி53 திரும்பி வந்தது, செல்கள் பெருகுவது நின்றது. மரபணு நன்றாக இருந்ததால்தானே வந்தது?

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். எச்பிவி தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும். ஏற்கெனவே புகுந்த வைரஸை அது விரட்டாது. அதனால்தான் சிறு வயதிலேயே போடச் சொல்கிறோம். பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அகன்றுவிடும். தங்கிவிட்டது புற்றாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும், ஆகவே ஊசி போட்டவர்களும் கருப்பைவாய்ப் பரிசோதனையை விடவேண்டாம். வணக்கம்.