கூல்மியேயில் பின்வாங்கிய தளபதி

அவையோருக்கு வணக்கம்.

பவேரியத் தளபதி லுட்விக் ஃபான் டெர் டானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வென்ற போர்களை அடுக்கிக்கொண்டே போனால் இந்த மனிதர் நமக்குப் பிடிபடமாட்டார். அவர் தோற்ற ஒரு நாளிலிருந்து தொடங்குகிறேன்.

1870 நவம்பர் 9. பிரான்சும், பிரஷ்யா தலைமையில் பவேரியா உள்ளிட்ட ஜெர்மானிய நாடுகளும் போரிட்டுக்கொண்டிருந்த நேரம். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையிலுள்ள ஓர்லேயான் நகருக்கு மேற்கே கூல்மியே என்னும் சிற்றூர். டானிடம் ஏறத்தாழ 20,000 பேர். எதிரே, புதிதாகத் திரட்டப்பட்ட பிரெஞ்சு லுவார் சேனை, ஏறத்தாழ 70,000 பேர். நான்கு வாரங்களுக்கு முன் தாமே பிடித்த ஓர்லேயானுக்குள் அடைந்து கிடந்தால் எதிரி சுற்றி வளைத்துவிடுவான் என்று கணித்து, நகரை விட்டு வெட்டவெளிக்கு வந்து நின்றார். அங்கே மருத்துவமனைகளில் கிடந்த தம் வீரர்களை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. அந்த முடிவை எடுத்தவரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! பகலெல்லாம் தாக்குப்பிடித்தார்; பொழுது சாய்ந்ததும் படையைக் குலையவிடாமல் வடக்கே நடத்திச் சென்றார். வெற்றி பிரான்சுக்குத்தான். ஆனாலும் பிரெஞ்சுக் குதிரைப்படையால் அவரை மடக்க முடியவில்லை.

இந்த நிதானம் ஒரே நாளில் வந்ததல்ல. வாட்டர்லூ போர் நடந்த அதே நாளில், 1815 ஜூன் 18 அன்று, டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர் அவர். 1833இல் பவேரியப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1848இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மக்கள் டென்மார்க்கை எதிர்த்து எழுந்தபோது, தன்னார்வலர் படை ஒன்றை நடத்திச் சென்று ஹோப்ட்ரூப்பில் வென்றார். அது இளமையின் துணிச்சல்.

அவரைச் சுட்டுப் புடம்போட்டது 1866. ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற பவேரியா பிரஷ்யாவிடம் தோற்றது. படைத்தலைவர் 71 வயது இளவரசர் கார்ல். அவருக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்த தலைமை அதிகாரி டான். பத்திரிகைகள் இவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. நேச நாட்டுப் படைகள் ஒன்றுசேராமல் தனித்தனியே அடிபட்ட அந்தப் போரின் பழியை ஒருவர் தலையில் கட்டியது அநீதி என்றே நான் நினைக்கிறேன். நான்கே ஆண்டுகளில் அதே பிரஷ்யருக்குத் தோள்கொடுத்து, முதலாம் பவேரியப் படைத்தொகுதியின் தலைவராகப் பிரான்சுக்குள் நுழைந்தார்.

அங்கே பசேய் என்னும் ஊர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. செப்டம்பர் 1, செடான் போர். அவருடைய வீரர்களும் பிரெஞ்சுக் கடற்படை வீரர்களும் வீட்டுக்கு வீடு மோதினார்கள். ஊர் எரிந்தது, ஊர்மக்களும் மாண்டார்கள். டானின் பெயரோடு அந்தச் சாம்பலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மறுபடியும் லுவார் கரைக்கு வருவோம். அக்டோபர் இறுதியில் பிரெஞ்சுக்காரர்களின் மெட்ஸ் கோட்டை சரணடைந்திருந்ததால், அதை முற்றுகையிட்டிருந்த ஜெர்மானியப் படைகள் தெற்கே விரைந்துவந்தன. டிசம்பர் தொடக்கத்தில் ஓர்லேயான் மீண்டும் வீழ்ந்தது. ஒரு மாதத்துக்கு முன் விட்டுச்சென்ற நகருக்கு டானின் பவேரியர்கள் திரும்பிவந்தார்கள். கூல்மியேயில் அவர் குலையாமல் காத்த படை அது. 1881இல் மெரானில் இறக்கும்வரை அதன் தலைமை அவரிடமே இருந்தது.