கலக்குவது நம் கால்கள்தான்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கூபா டைவிங் என்றதும் பலருக்கு அந்தமானோ மாலத்தீவோதான் நினைவுக்கு வரும். நீலக் கடல், பவளப்பாறை, தூரத்தில் வரும் ஆமைகூடத் தெரிகிற தெளிவு. நான் இன்றைக்குப் பேசப்போவது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயரில் இருக்கிற ஒரு பழைய கல்குவாரியைப் பற்றி. பெயர் ஸ்டோனி கோவ். எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகுதூரம். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் பத்து மீட்டர் தெரியும், சுமாரான நாளில் மூன்று, நான்கு. மோசமான நாளில் ஆழமும் நேரமும் காட்டும், மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டரைப் படிக்கவே அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டிலிருந்து கருங்கல் வெட்டிய இடம் அது. ஊற்று சுரந்துகொண்டே இருக்கும், அதை பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். 1958இல் குவாரி மூடப்பட்டது, பம்பும் நின்றது. தண்ணீர் தானாக ஏறிக் குழி நிறைந்துவிட்டது. பிற்பாடு வட கடலில் எண்ணெய் எடுக்கப் போன தொழில்முறை டைவர்கள் இங்கேதான் பயிற்சி எடுத்தார்கள். கல் வெட்டிய தளங்கள் அப்படியே நீருக்குள் இருப்பதால் ஆழமும் படிப்படியாக இறங்குகிறது: ஆறேழு மீட்டரில் ஒரு தளம், இருபதுக்குச் சற்றுக் கீழே இன்னொன்று, கடைசியில் 35 மீட்டர் வரை. 2000ஆம் ஆண்டில் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகை வேண்டுமென்றே மூழ்கடித்து நடுத்தளத்தில் உட்காரவைத்தார்கள். அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். முழுசாக ஒரே பார்வையில் பார்த்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். முன்பக்கம் தெரியும்போது பின்பக்கம் தெரியாது.

சரி, ஏன் இவ்வளவு கலங்கல்? ஒரு காரணம் பாசி. வசந்த காலத்து வெயில் பட்டதும் மேல்மட்டத் தண்ணீரில் நுண்பாசி பெருகி எல்லாம் பச்சையாகிவிடும். கோடையில் மேலே இருக்கும் சூடான தண்ணீர், அடியில் இருக்கும் கனத்த குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை. அதைத் தாண்டி இறங்கும்போது முகத்தில் சுரீரென்று குளிர் அடிக்கும். பல நாள்களில் அதற்குக் கீழே தண்ணீர் தெளிந்துவிடும், ஆனால் இருட்டு. டார்ச் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இன்னொரு காரணம் வண்டல். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். களிமண் துகள்களின் மேல் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். கடல் நீரில் உப்பு அந்த விலக்கத்தை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டிக் கட்டியாகிச் சீக்கிரம் படியும். நன்னீரில் அந்த உதவி கிடையாது. நம் ஊரில் கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரசியோ படிகாரத்தைச் சுற்றியோ தெளியவைப்பார்களே, அது இந்தத் துகள்களை ஒட்டவைக்கிற வேலைதான். குவாரியில் அப்படி யாரும் செய்வதில்லை. மிக நுண்ணிய களித்துகள் அசையாத தண்ணீரில்கூட ஒரு நாளைக்கு ஓரடி அளவுக்குத்தான் இறங்கும். காலை பத்து மணிக்கு ஒருவர் தரையில் காலை ஊன்றிக் கிளப்பிவிட்டால், மதியம் வருகிறவருக்கும் அந்த மேகம் அங்கேயே நிற்கும்.

அதனால்தான், 'இன்னிக்குத் தண்ணி மோசம்பா' என்று கரையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாதி நாள் தண்ணீர் மேல் குற்றமே இல்லை. மிதக்காமல் இறங்குவதற்காக இடுப்பில் கட்டியிருக்கும் ஈயம்தான் குற்றவாளி. கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, அதனால் அங்கே ஆள் அதிகம் மிதப்பார். ஆளும் கருவிகளுமாக நூறு கிலோ இருப்பவருக்கு, கடலில் கட்டிய ஈயத்தில் இங்கே இரண்டரை கிலோ குறைக்கலாம். பலர் குறைப்பதில்லை. எடை கூடினால் இடுப்பு தாழும், கால் கீழே போகும், ஒவ்வொரு உதைக்கும் சேறு எழும்பும். முதலில் எடையைச் சரிபார்த்து, உடம்பைப் படுக்கைவாட்டில் நிறுத்தப் பழக வேண்டும். முழங்காலை மடித்து, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைத்தால் தண்ணீர் பின்னால் போகும், தரையில் அடிக்காது. இதை நீச்சல்குளத்திலேயே பழகலாம்.

டார்ச் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய விளக்கு, அகன்ற வெளிச்சம் என்றால் நல்லது என்று வாங்கிவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டு ஓட்டுகிற கதைதான். துகள்கள் எல்லாம் ஒளியைத் திருப்பி அடித்து வெள்ளைச் சுவராக நிற்கும். ஒடுங்கிய கற்றையே மேல். அதை நம்மோடு இறங்கும் கூட்டாளி பார்க்கிற இடத்தில் வைத்து வட்டமிட்டால் 'எல்லாம் நலம்', வேகமாக இடவலமாக ஆட்டினால் 'ஆபத்து'.

கூட்டாளி காணாமல் போனால்? ஒரு நிமிடம் வரை சுற்றிலும் தேடலாம், அதற்கு மேல் இல்லை. பாதுகாப்பான வேகத்தில் மேலே போய்விட வேண்டும், அவரும் அதையே செய்வார். இந்த விதியை மதிக்காமல் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று அடியில் சுற்றுகிறவர்களோடு நான் இறங்கமாட்டேன். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. மூன்று மீட்டருக்குள் தெரிகிற இடத்தில், தொடும் தூரத்தைவிட்டு விலகுவதே தப்பு.

மேலும் கீழும் புரியாமல் தலை சுற்றுவதும் உண்டு. எங்கும் பச்சை, பிடித்துப் பார்க்க ஒரு கோடுகூட இல்லை. அப்போது மனசு சொல்வதை நம்பாமல் ஆழமானியை நம்ப வேண்டும். குமிழி போகிற திசைதான் மேலே. கயிறு இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் தண்ணீர் ஐந்தாறு டிகிரிக்குப் போகும். சிலிண்டரிலிருந்து வரும் காற்று விரிவடையும்போது குளிர்வதால், அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டருக்குள் பனி உறைந்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கலாம். குளிர்நீருக்கென்று செய்யப்பட்ட ரெகுலேட்டர் வேண்டும், கூடவே தண்ணீர் உள்ளே வராத டிரைசூட் உடையும். அப்புறம் ஒரு சின்னக் கத்தரிக்கோல். நன்னீர்த் தளங்களில் பல இடங்களில் தூண்டில் நரம்பு சிக்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கஷ்டத்தையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சைக்குள்ளிருந்து பைக் மீன் ஒன்று, முதலை மாதிரி மூக்கோடு, ஒரு முழ தூரத்தில் வந்து அசையாமல் நிற்கும். பெர்ச் மீன்கள் டார்ச் வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். தெளிந்த கடலில் தூரத்திலேயே பார்த்து, தூரத்திலேயே விட்டுவிடுகிற மாதிரி இங்கே எதையும் விட முடியாது. எல்லாமே மூக்குக்கு நேரேதான் நடக்கும்.

போகிறவர்கள் முடிந்தால் வார நாளில் போங்கள், காலையிலேயே இறங்கிவிடுங்கள். சனி, ஞாயிறு மதியத்துக்குள் பயிற்சி வகுப்புகள் எல்லாம் ஆறேழு மீட்டர்த் தளத்தில் மண்டியிட்டு முடித்திருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. வணக்கம்.