மகுடத்தின் கீழே ஓர் ‘என்’

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சாண் உயரப் பீங்கான் வீரன். தலையில் கரடித்தோல் தொப்பி, நீலச் சட்டை, மார்பின் குறுக்கே வெள்ளை வார், தோளில் துப்பாக்கி. நெப்போலியனின் மெய்க்காவல் படையைச் சேர்ந்தவன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நீல நிறத்தில் ஒரு மகுடம், அதன்கீழே லத்தீன் எழுத்து ‘என்’ (N). “நெப்போலியனின் முதலெழுத்து, அவர் காலத்துப் பொருள்” என்று விற்பவர் சொல்வார். இதை நம்பிப் பெரும்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த எழுத்து இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைக் குறிக்கிறது. மன்னர் நான்காம் ஃபெர்டினாண்டு 1770களில் அங்கே தொடங்கிய அரசுப் பீங்கான் பட்டறையின் முத்திரை அது. 1806இல் அவரை அந்த நகரத்திலிருந்து விரட்டியதே நெப்போலியனின் படைதான். தன்னைத் துரத்தியவனின் காவல் வீரனை அவருடைய பட்டறை வார்த்திருக்குமா? பிற்காலத்தில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பல பட்டறைகள் அதே மகுடத்தையும் எழுத்தையும் தங்கள் சரக்கில் இட்டன. அதனால்தான் ஒரு பீங்கான் பொம்மை அசலா நகலா என்று சோதிக்கும்போது முத்திரையை நான் கடைசியில் பார்க்கிறேன். முதலில் கையில் எடுப்பது அளவுகோல்.

பீங்கான் மண் சூளையில் வேகும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். மூல உருவைச் செய்யும் சிற்பி இதைக் கணக்கிட்டுப் பெரிதாகவே செய்வார். பின்னாளில் நகல் எடுப்பவரிடம் மூல உருவும் இருக்காது, பழைய அச்சும் இருக்காது. வெந்து சுருங்கிய பொம்மையின் மீதே அவர் அச்செடுப்பார். அந்த அச்சில் வார்த்தது மறுபடியும் சூளைக்குள் சுருங்கும். மூலம் 30 சென்டிமீட்டர் என்றால் நகல் சுமார் 25 சென்டிமீட்டர்தான் நிற்கும். உயரத்தோடு நுணுக்கமும் போய்விடும். பொத்தான்கள் மழுங்கும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், தொப்பியின் நாடா கன்னத்தோடு கரைந்துபோகும். செதுக்கலில் இழந்ததைத் தூரிகையால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். அருங்காட்சியகப் பட்டியல்களில் உயரத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். வாங்கும் முன் அதனோடு ஒப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அளவு ஒத்துப்போனாலும் அவசரப்பட வேண்டாம். ஜெர்மனியின் மைசன் பட்டறை 18ஆம் நூற்றாண்டு மாதிரிகளைப் பிற்காலத்திலும் தொடர்ந்து வார்த்துவந்தது. அங்கே பொன்பூச்சைப் பார்க்க வேண்டும். பழைய பொன் சூளையிலிருந்து மங்கலாகத்தான் வெளிவரும். அதை அகேட் என்னும் கடினமான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஒளி ஏற்றினார்கள். அதில் ஓர் அமைதியான ஆழம் உண்டு. 1830 வாக்கில் அதே மைசனில் திரவப் பொன் கண்டறியப்பட்டது. அது தேய்க்காமலே கண்ணாடிபோல் மின்னும், மெல்லியது. 1770ஆம் ஆண்டுப் பொருள் என்று சொல்லப்படும் வேறொரு வீரனின் தோள் குஞ்சம் அப்படி மின்னினால், பொன்னாவது பிறகு பூசியது, இல்லையென்றால் பொம்மையே பிறகு வந்தது.

சட்டையின் வண்ணத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பத்திரிகைப் படம்போல ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சிட்டு ஒட்டியது. தூரிகை அங்கே வரவே இல்லை.

நகல் என்பதாலேயே எதையும் இழிவாகப் பேச மாட்டேன். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய பீங்கான்களை அத்தனை நேர்த்தியாக மறுபடி செய்தது. அந்த நகல்களையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் கோபமெல்லாம் அடையாளத்தை அழிப்பவர்கள்மீதுதான். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அந்நாட்டுக்குள் வரும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு பெயர் அடியில் இருந்தால் அந்த வீரன் நெப்போலியன் காலத்தவன் அல்லன் என்பது நொடியில் தெரிந்துவிடும். அதை மறைக்கச் சிலர் அந்தப் பெயரையே தேய்த்து அழித்துவிடுவார்கள். ஆகவே கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான பூச்சுக்கு நடுவே காசளவு சொரசொரப்பு தட்டுப்பட்டால், அங்கே என்ன எழுதியிருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.