ஜாமாவில் கையில் ஒரே நகர்வு, பின்னால் மசினிசா

வணக்கம் மக்களே! குரல் கரகரப்பாக இருக்கும், நேற்று ராத்திரி அவ்வளவு கத்தியிருக்கிறோம். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில், ரோமும் கார்த்தேஜும் மோதிய ஜாமா போரை ஜெயித்துவிட்டேன்! நான்கு வீடியோவாக ரோமானியத் தளபதி ஸ்கிபியோவை எடுத்து கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் தோற்றதை நீங்களே பார்த்தீர்கள். நேற்று ஐந்தாவது ஆட்டம்.

அதற்கு முன் ஒரு கோபம். போன வீடியோவில் பாதிக் கமெண்ட், "உங்கள் ரோமானியர்களுக்குத் தகட்டுக் கவசம் எங்கே?" என்றுதான். ஜாமா நடந்தது கி.மு. 202. அந்தக் கவசம் வர இன்னும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆகும். இவர்கள் போட்டது சங்கிலிக் கவசம், பிடித்தது நீள்வட்டக் கேடயம். வசதி குறைந்தவனுக்கு நெஞ்சில் ஒரு சாண் வெண்கலத் தகடு, அவ்வளவுதான். எல்லாக் காலத்து ரோமானியனுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, திரியாரி. மூன்றாவது வரிசையில் நிற்கும் மூத்த வீரர்கள், கையில் நீள ஈட்டி. 15 மி.மீ. உலோகப் பொம்மைகள் இரண்டு பேஸ் (பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் தட்டு), மொத்தம் எட்டுப் பேர். பார்சலைப் பிரித்தால் எட்டு ஈட்டியும் வளைந்து கிடக்கிறது! அனுப்பியவர் டப்பாவுக்குள் துளி பஞ்சுகூட வைக்கவில்லை. நிமிர்த்தப் பார்த்ததில் மூன்று முறிந்தே போயின. கடைசியில் புதுத் துடைப்பத்தில் ஈர்க்குச்சி உருவி, மெல்லிய நுனியாகப் பார்த்து நறுக்கி, சூப்பர் குளூ வைத்து எட்டையும் ஒட்டினேன். முழுதாக இரண்டு சாயங்காலம் போயிற்று. இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். எவ்வளவு நேராக நிற்கிறது பாருங்கள்! உலோகத்தைவிட இதுதான் அழகு.

ஆட்டம் எப்போதும்போல பழங்காலப் போர்களுக்கான டி.பி.ஏ. விதி, ஆளுக்கு 12 பேஸ். நண்பர் யானைகளை நடுவில் நிறுத்தினார். நான் ஸ்கிபியோ செய்ததையே செய்தேன். படைப்பிரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நடுவில் சந்து விட்டேன், சந்து வாயில் வெலிட்டெஸ், அதாவது ஈட்டி எறியும் இலகு வீரர்கள். பகடையில் எனக்கு ஆறு, அவருக்கு ஒன்று. ஒரு யானை காலி! அங்கே உண்மையில் வந்தவை 80 யானைகள், எக்காளச் சத்தத்தில் மிரண்டு சில சொந்தப் படைக்குள்ளேயே பாய்ந்தன.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு விதிப்படி முன்வரிசையில் ஒரு பேஸை எடுத்துவிட்டு ரோமின் பக்கம் நின்ற வட ஆப்பிரிக்க அரசன் மசினிசாவின் நுமிடியக் குதிரைப்படை பேஸ் ஒன்றைச் சேர்த்திருந்தேன். அது கார்த்தேஜ் குதிரையை விரட்டிக்கொண்டு மேசை ஓரம்வரை போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என் முன்வரிசைக் காலாட்படையான ஹஸ்தாதி நொறுங்கியது. இழந்த பேஸ் மூன்றுக்கு மூன்று. நான்காவது பேஸை இழப்பவர் தோற்றார். ஹன்னிபால் இத்தாலியிலிருந்து கூட்டிவந்த பழைய படை எதிரே நிற்க, என் திரியாரி வந்து முட்டியாயிற்று. நிலைமை முற்றினால் "விஷயம் திரியாரி வரைக்கும் வந்துவிட்டது" என்பது ரோமானியர் வழக்கு. நேற்று அது அப்படியே நடந்தது.

பகடையை உருட்டினேன். ஒன்று! ஒன்று விழுந்தால் அந்த முறைக்கு ஒரே நகர்வு. திரியாரிக்குப் பக்கத்துணை கொண்டுவரச் சொல்லி பக்கத்திலிருந்தவர் கத்துகிறார். நான் அந்த ஒரு நகர்வை நுமிடியக் குதிரைக்குக் கொடுத்தேன். திரும்பி வந்து அந்தப் பழைய படையின் முதுகில் ஒட்டியது. இப்போது பகடையில் திரியாரிக்கு நான்கு, அவருக்கு இரண்டு. சாதாரணமாக அவர் பின்வாங்கினால் போதும். ஆனால் பின்னால் குதிரை நிற்கிறதே! பின்வாங்க இடமில்லை, பேஸ் அழிந்தது. உண்மையான ஜாமாவும் இப்படித்தான் முடிந்தது. மசினிசாவும் ஸ்கிபியோவின் குதிரைப்படைத் தளபதி லேலியஸும் துரத்தலை விட்டுத் திரும்பிவந்து பின்னாலிருந்து அடித்தார்கள்.

நண்பர் எழுந்து வந்து கை கொடுத்தார். அடுத்த ஞாயிறு, ஹன்னிபால் ரோமானியரை நொறுக்கிய கன்னே போர், கி.மு. 216. இந்த முறை கார்த்தேஜ் எனக்கு.