நான்கு விநாடியா, நெடுங்கால உழைப்பா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். துருக்கியக் கூடைப்பந்து வீரர் கெரெம் துன்ச்செரிக்குப் பெருமை சேர்த்தது 2010 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி விநாடிகளே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அதற்கு முந்தைய நெடுங்கால உழைப்பே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

அந்தக் காட்சியை மறைத்துவிட்டுப் பேசும் எண்ணம் எனக்கில்லை. 2010 செப்டம்பர் 11, இஸ்தான்புல்லின் சினான் எர்தெம் அரங்கம். துருக்கிக்கு எதிராகச் செர்பியாவின் நோவிட்சா வெலிச்கோவிச் கூடை போட்டதும் கணக்கு 82-81 என்று செர்பியா பக்கம் திரும்பியது. கடிகாரத்தில் நான்கு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக மீதியிருந்தது. டைம் அவுட் எனும் சிறு இடைவேளை முடிந்து பந்து களத்துக்குள் வந்ததும், அதைப் பெற்ற துன்ச்செரி, எவரும் தன்னை மறிக்குமுன் அடிக்கோட்டை ஒட்டிப் பாய்ந்து, பலகைக்கருகே எம்பி, கூடைக்கு நெருங்கிப் பந்தை இடும் லே-அப் போட்டார். 83-82. அரை விநாடிதான் மிச்சம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இது? துருக்கி அணியின் நட்சத்திரம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடிய ஹிதாயத் துர்கோலு. கடைசிப் பந்து யாருக்குப் போகும் என்று கேட்டிருந்தால் அரங்கில் பாதிப்பேர் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். எதிராளியின் கண் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வழி திறக்கிறது என்று கணிப்பதே, துன்ச்செரியைப் போல ஆட்டத்தை வழிநடத்தும் பாயின்ட் கார்டின் தொழில். அந்தக் கணிப்பு நான்கு விநாடியில் பிறப்பதில்லை என்பதை, பந்தைத் தட்டிப் பழகிய எந்தப் பள்ளி மாணவனும் சொல்வான்.

துன்ச்செரி 1979-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். 2001-இல் ஐரோப்பியக் கோப்பையைத் துருக்கியே நடத்தியபோது, 22 வயதில் தேசிய அணியில் இருந்தார். சொந்த மண்ணில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவிடம் தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு வெளியே வந்தார். எஃபெஸ் பில்சென் போன்ற இஸ்தான்புல் அணிகளில் தேறியவர், 2006-இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மறு ஆண்டே அந்த அணி, ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் யூலெப் கோப்பையையும் ஸ்பெயின் லீக் பட்டத்தையும் வென்றது. வேற்று மொழி பேசும் தோழர்களுக்கு நடுவே பந்தைப் பங்கிடப் பழகிய அந்த மாட்ரிட் நாள்களைத்தான், என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் என்பேன். ஏனென்றால் இது புள்ளிப்பட்டியலில் பாதிகூடத் தெரியாத வேலை. கூடை போட்டவர் பெயர் எழுதப்படும். அதற்கு முந்தைய பாஸுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் பாஸுக்கு முன்னால், யாரும் தடுமாறாதபடி ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்தவருக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

எதிரணியினர் ஒன்றை நியாயமாகவே கேட்டார்கள்: அந்தக் கூடை விழாதிருந்தால் இந்த மன்றத்தில் அவர் பெயர் ஒலித்திருக்குமா? ஒலித்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் தெரிவது வேறு, பெருமை வேறு. ஒரு புள்ளி பின்தங்கி நிற்கையில், 31 வயதுக்காரரைக் களத்தில் நிறுத்தினார் பயிற்சியாளர் போக்தான் தன்யேவிச். அந்த நம்பிக்கை டைம் அவுட்டில் முளைத்ததா? மறுநாள் இறுதியாட்டத்தில் அமெரிக்கா 81-64 என்று வென்றபோது, கடைசி விநாடி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஆனாலும் அவர் கழுத்தில் ஏறிய வெள்ளி, 2001-இல் ஏறிய வெள்ளிக்கு இணையாக இருந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும், நடுவர் அவர்களே. அந்த லே-அப்போடு ஆட்டம் முடியவில்லை. மிச்சமிருந்த அரை விநாடியில் செர்பியா பந்தை உயரத் தூக்கி எறிந்தது. கூடையருகே வெலிச்கோவிச் எடுத்த முயற்சியை துருக்கியின் செமி எர்தென் தன் நீண்ட கையால் தடுத்தார். ஒரு கணமே எல்லாம் என்கிற எதிரணியினர், அந்தக் கையை யார் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்று கேட்டு அமர்கிறேன்.