ஏழு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி: பிக்சல் காப்புரிமை ஆய்வு

நேயர்களுக்கு வணக்கம்.

அங்குலத்துக்கு 400 பிக்சல் உள்ள கைபேசித் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25.4 மில்லிமீட்டரை 400-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் அகலம் 63.5 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். அந்த இடத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக ஒளிரும் துணைப்பிக்சல்கள் அடங்க வேண்டும். இன்றைய ஓ.எல்.இ.டி. (மின்னோட்டம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருள்) கைபேசித் திரைகள் பலவற்றில் ஒவ்வொரு துணைப்பிக்சலுக்கும் அடியில் ஏழு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. தொழிலில் இதற்கு 'செவன் டி ஒன் சி' என்று பெயர்.

இந்தச் சுற்றில் ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றிவிட்டு காப்புரிமை கேட்டு விண்ணப்பம் வருகிறது. அந்த மாற்றம் கண்டுபிடிப்பா, பட்டறையில் யாரும் செய்யக்கூடிய திருத்தமா? இதை முடிவு செய்வது காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர். நம் நாட்டில் தலைமை அலுவலகம் கொல்கத்தாவில். டில்லியிலும் மும்பையிலும் சென்னை கிண்டியிலும் கிளைகள். கொரியா, சீனா, ஜப்பான் நிறுவனங்களின் திரை விண்ணப்பங்கள் பன்னாட்டு ஒப்பந்த வழியாக இந்த அலுவலகங்களுக்கு வருகின்றன.

இத்தகைய விண்ணப்பம் கைக்கு வந்ததும் பழைய ஆவணங்களில் தேடலில் இறங்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். விண்ணப்பதாரர் கொடுத்த படத்தை மூடி வைத்துவிட்டு, உரிமைக்கோரலின், அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் கோரிக்கையின், வாசகத்தை மட்டும் படித்துக்கொண்டே சுற்றை வரைய வேண்டும். சட்டம் காப்பது அந்த வாசகத்தைத்தான். வாசகத்திலிருந்து சுற்று எழுந்து வரவில்லை என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோரிக்கையில் ஓட்டை இருக்கிறது.

வரைவதற்கு முன் சுற்று வேலை செய்யும் விதம் மனத்தில் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடும் இரு முனைகள் சோர்ஸ், டிரெயின்; அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை கேட். ஏழில் ஒன்று டிரைவ் டிரான்சிஸ்டர். ஓ.எல்.இ.டி.-க்குப் போகும் மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். அதன் கேட் மின்னழுத்தம் 'திரெஷோல்டு' என்ற அளவைத் தாண்டி எவ்வளவு மிகுந்திருக்கிறதோ, அந்த மிகுதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்னோட்டம் ஓடும். மிகுதி 1 வோல்ட் என்று வையுங்கள். பக்கத்துப் பிக்சலில் திரெஷோல்டு வெறும் 0.1 வோல்ட் கூடினால் மிகுதி 0.9 ஆகிறது, அதன் வர்க்கம் 0.81. அதாவது அந்தப் பிக்சல் 19 சதவீதம் மங்கல். லேசர் கொண்டு சிலிக்கானைப் படிகமாக்கும்போது படிகத் துகள்கள் எங்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. அதனால் இந்த வேறுபாடு எப்போதும் இருக்கும். ஈடுகட்டாவிட்டால் சாம்பல் நிறத் திரையில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஈடுகட்டும் வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில், டிரைவ் டிரான்சிஸ்டரின் கேட்டை ஒரு தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இழுத்து, பழைய படத்தின் மிச்சத்தை அழிக்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில், ஒரு டிரான்சிஸ்டர் படத் தரவை டிரைவ் டிரான்சிஸ்டரின் சோர்ஸுக்குக் கொண்டுவருகிறது; இன்னொன்று அதன் கேட்டையும் டிரெயினையும் சேர்த்துவிடுகிறது. அப்போது கேட்டில் தரவு மின்னழுத்தம் அப்படியே நிற்காது; திரெஷோல்டு அளவு குறைந்து நிற்கும். மின்தேக்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது கட்டம் ஒளிர்வு. மின்வழங்கல் கோடு சோர்ஸுடன் இணையும்போது, கேட்டில் ஏற்கெனவே கழிந்து நிற்கும் திரெஷோல்டும் டிரான்சிஸ்டரின் சொந்தத் திரெஷோல்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மின்னோட்டக் கணக்கில் எஞ்சுவது மின்வழங்கல் மின்னழுத்தத்துக்கும் தரவு மின்னழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும், 2400 வரிசை கொண்ட திரையில் ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 3.5 மைக்ரோசெகண்ட். தரவு எழுதும் கட்டம் சாதாரணமாக அதற்குள் முடிய வேண்டும்.

இப்போது பென்சிலுக்கு வருவோம். ஒரு கோரிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: தரவைக் கொண்டுவரும் இரண்டாவது டிரான்சிஸ்டர் பி-வகை, கேட்டையும் டிரெயினையும் சேர்க்கும் மூன்றாவது டிரான்சிஸ்டர் சிலிக்கானுக்குப் பதில் ஆக்சைடால் ஆன என்-வகை, இரண்டின் கேட்டும் ஒரே ஸ்கேன் கோட்டில் (டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடும் சைகை வரும் கம்பியில்) இணைந்துள்ளன. வாசிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. வரைந்து, பக்கத்தில் ஸ்கேன் கோட்டின் அலைவடிவத்தையும் போட்டுப் பாருங்கள். கோடு தாழும்போது பி-வகை கடத்தும், என்-வகை அணைந்துவிடும். உயரும்போது நேர்மாறு. இரண்டும் சேர்ந்து கடத்தும் நேரமே கிடையாது; ஆகவே தரவு கேட்டைப் போய்ச் சேராது. இரண்டும் பி-வகையாக இருந்த பழைய சுற்றில் ஒரே கோடு சரிதான். ஒன்றை மட்டும் ஆக்சைடாக மாற்றியவர் கோட்டைப் பிரிக்க மறந்துவிட்டார், அல்லது பழைய நேர வரைபடத்தை அப்படியே ஒட்டிவிட்டார். காப்புரிமைச் சட்டம் 1970-இன் 10-ஆவது பிரிவு, கண்டுபிடிப்பையும் அது செயல்படும் முறையையும் முழுமையாக விவரிக்கச் சொல்கிறது. இந்த விண்ணப்பம் அங்கேயே தடுக்கி விழுகிறது.

இன்னொரு வழக்கமான குறை, 'மின்னியல் ரீதியாக இணைக்கப்பட்டுள்ளது' என்ற சொற்றொடர். நேரடியாகவா, இன்னொரு டிரான்சிஸ்டர் வழியாகவா? வழியாக என்றால், பிக்சலுக்குள் எல்லாமே எல்லாவற்றோடும் இணைந்ததுதான். அந்த வாசகத்துக்குப் பழைய சுற்றுகள் எத்தனையோ பொருந்திவிடும். விண்ணப்பதாரர் அகலமாகக் கேட்பதாக நினைத்து, புதுமையைத் தானே இழக்கிறார். 'ஒளிர்வு சீராக இருக்கும்படி அமைந்த சுற்று' என்று விளைவை மட்டும் எழுதுவதும் அப்படித்தான். சீர் எப்படி வருகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. அது வாசகத்தில் இல்லை.

தாளில் வரைந்தாகிவிட்டது. இனி தேடல். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிக்சல் சுற்றுகளுக்குப் பன்னாட்டு வகைப்பாட்டில் ஜி09ஜி 3/3233 என்ற குறியீடு. கரிமத் திரையின் அடுக்கமைப்புக்கு எச்10கே 59. இந்த எச்10கே 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இவை எச்01எல் 27/32-இல் இருந்தன. பழைய ஆவணத்தின் முகப்பில் அச்சாகியிருப்பது பழைய குறியீடு. பழைய தேடல் குறிப்பை மாற்றாமல் ஓட்டினால் புதிய ஆவணங்கள் நழுவும். புதியதை மட்டும் போட்டால் பழைய அச்சுப் பிரதி கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு.

சொல்லை வைத்துத் தேடுவது இந்தத் துறையில் பாதி வேலைதான். 'முதல் டிரான்சிஸ்டர்' என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் 'நான்காவது' என்பார். எண் ஒரு பெயர், அவ்வளவே. எந்த டிரான்சிஸ்டர் எந்த முனையை எந்த முனையோடு சேர்க்கிறது, எந்த நேரத்தில் சேர்க்கிறது என்பதைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் தன் சொந்தப் பெயர் வைக்க வேண்டும்: அழிப்பது, எழுதுவது, சேர்ப்பது, ஒளிரவிடுவது. பிறகு படங்களைப் புரட்ட வேண்டும். ஆவணம் கொரிய மொழியில் இருந்தாலும் சுற்றுப்படம் எல்லோருக்கும் படிக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு சோர்ஸையும் டிரெயினையும் மாற்றிப் போட்டிருந்தால்கூடப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

புதுமை இல்லை என்று சொல்ல வேண்டுமானால், கோரிக்கையின் எல்லா உறுப்பும் எல்லா இணைப்பும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வாதம் நிற்காது. புதுமைப்படி உண்டா, அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத ஒன்று இதில் இருக்கிறதா என்ற கேள்விக்குப் போக வேண்டும். முதல் ஆய்வறிக்கையில் 'முதல் ஆவணம் அனைத்தையும் காட்டுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது விண்ணப்பதாரருக்கும் அநீதி, அலுவலகத்துக்கும் பலவீனம். ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே பத்தி எண், பட எண், முனையின் பெயர் என்று குறிக்க வேண்டும்.

புதுமைப்படிக்கு அந்த ஆக்சைடு டிரான்சிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். மின்தேக்கி 100 ஃபெம்டோ ஃபாரட் என்று வையுங்கள். அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியே 1 பிகோ ஆம்பியர் கசிந்தால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்தின் 16.7 மில்லிசெகண்டுக்குள் கேட் மின்னழுத்தம் 0.167 வோல்ட் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இது. மின்கலனை மிச்சம் பிடிக்க நொடிக்கு ஒரே முறை புதுப்பிக்க வேண்டுமென்றால், சிலிக்கான் டிரான்சிஸ்டரின் கசிவைத் தாங்க முடியாது. கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு அங்கே தேவைப்படுகிறது. ஆக்சைடு கசியாது என்பதும், ஏழு டிரான்சிஸ்டர் சுற்றும் முன்பே தெரிந்தவை. கேட்டோடு தொட்டிருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களை மட்டும் ஆக்சைடாக மாற்றுவது, துறை தெரிந்தவருக்கு இன்று எளிதில் தோன்றக்கூடிய யோசனை. ஆனால் மாற்றியதால் புதிதாக ஒரு தொல்லை வந்து, அதைத் தீர்க்க விண்ணப்பதாரர் ஒரு கோட்டை எதிர்பாராத முனையில் கட்டியிருந்தால் நிலைமை வேறு. அந்தத் தொல்லையை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா, அதே வழியில் தீர்த்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். விண்ணப்பத்தைப் படித்துவிட்ட கண்ணுக்கு எல்லாமே எளிதாகத் தோன்றும். அந்த மயக்கத்துக்கு ஆய்வாளர் இடம் கொடுக்கக் கூடாது.

பட்டறைத் திருத்தம் என்று தொடக்கத்தில் சொன்னேன். விஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. அந்த வழக்கின் பொருள் திரையோ மின்னணுவோ கிடையாது. பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் முறை. பாத்திரத்துக்கு வகுத்த அளவுகோல் பிக்சலுக்கும் பொருந்துகிறது: பட்டறைத் திருத்தத்தைவிடக் கூடுதலாக ஒன்று இருந்தாக வேண்டும்.

சுற்றை விட்டு, துணைப்பிக்சல்களின் வடிவமைப்புக்கு வந்தால் ஆய்வின் முறையே மாறுகிறது. எல்லாப் பிக்சலிலும் பச்சை வைத்து, சிவப்பையும் நீலத்தையும் பகிர்ந்துகொள்ளும் பென்டைல் அமைப்பு கேண்டிஸ் பிரவுன் எலியட் உருவாக்கியது. அவருடைய கிளேர்வாயான்ட் நிறுவனத்தின் காப்புரிமைகளை 2008-இல் சாம்சங் வாங்கியது. 2013-இல் கேலக்ஸி எஸ்4-இல் வைர வடிவப் பிக்சல்கள் வந்தன. இவ்வகைக் கோரிக்கைகளில் ஒரு 'கற்பனைச் சதுரம்' வரும். சதுரத்தின் மையத்தில் பச்சை, எதிரெதிர் மூலைகள் இரண்டில் சிவப்பு, மற்ற இரண்டில் நீலம் என்று எழுதியிருப்பார்கள்.

கேட்கும்போது புதிதாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளிக் கோலத்தைத் தலை சாய்த்துப் பார்த்தால் நேர்ப்புள்ளி வரிசை சாய்வரிசையாகத் தெரியுமல்லவா? அதேபோல் கற்பனைச் சதுரத்தை நகர்த்தியும் 45 பாகை திருப்பியும் பார்க்க வேண்டும். கோடக்கின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் கிடைத்த காப்புரிமையில் உள்ள கேமரா வண்ண வடிகட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசையில் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. அடுத்ததில் நீலம், பச்சை, நீலம், பச்சை. இரண்டாம் வரிசையின் பச்சை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் கீழும் சிவப்பு, இடமும் வலமும் நீலம். நான்கையும் கோட்டால் சேர்த்தால் சாய்ந்த சதுரம் வந்துவிட்டது. மையத்தில் பச்சை, எதிர்மூலைகளில் சிவப்பும் நீலமும்! அது கேமரா, இது திரை. எனவே அதை மட்டும் வைத்துப் புதுமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மையங்களின் இருப்பிடத்தை மட்டும் நம்பி நிற்கும் கோரிக்கை எவ்வளவு மெலிந்தது என்று தெரிகிறது. உண்மையான சரக்கு வேறிடத்தில் இருக்கிறது: எந்த நிறத்துக்கு எவ்வளவு பரப்பு, துணைப்பிக்சல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஒளிரும் பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் உலோக முகமூடியின் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க எந்த வடிவம் உதவுகிறது. இவை விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தில்) எண்ணாக இருக்க வேண்டும். படத்தை அளவுகோலால் அளந்து எண் எடுக்கக் கூடாது. அளவுவிகிதப்படி வரைந்ததாகச் சொல்லாத படத்தின் நீளத்துக்கு மதிப்பில்லை.

சட்டத்தின் 3-ஆவது பிரிவையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மங்கலைச் சரிசெய்யும் கணக்கீட்டை மட்டும் கோரினால் (கே) உட்பிரிவின் கீழ் படிமுறை (அல்காரிதம்) என்று ஆட்சேபம் வரும். ஒருங்கிணைந்த சுற்றின் தள அமைப்பை மட்டும் கோரினால் (ஓ) குறுக்கே நிற்கும். அதற்கு 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

விண்ணப்பதாரர்களுக்குச் சில நாள் கணக்கு. 2024 மார்ச் 15 முதல், புதிய விண்ணப்பங்களில் ஆய்வுக்கான படிவம் 18-ஐ முன்னுரிமைத் தேதியிலிருந்து (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து) 31 மாதத்துக்குள் தர வேண்டும். முதல் ஆய்வறிக்கை வழங்கப்பட்ட தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில். படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். அதையும் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரம் கொண்ட படிவம் 3 அறிக்கை வழங்கப்பட்ட 3 மாதத்துக்குள் போக வேண்டும். 6 மாதம் இருக்கிறதே என்று இதைச் சேர்த்துத் தள்ளிப்போடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிலில் கோரிக்கையைத் திருத்தலாம். ஆனால் 59-ஆவது பிரிவின்படி திருத்தம் சுருக்குவதாகவோ பிழை நீக்குவதாகவோ விளக்குவதாகவோதான் இருக்க முடியும். முதலில் வெளியிடாத எதையும் உள்ளே கொண்டுவர முடியாது. மூன்றாவது டிரான்சிஸ்டருக்குத் தனி ஸ்கேன் கோடு என்று விவரக்குறிப்பில் எங்காவது ஒரு வாக்கியம் இருந்திருந்தால், நாம் பார்த்த அந்தப் பி-வகை, என்-வகைச் சுற்றைப் பதில் கட்டத்தில் காப்பாற்ற வழி பிறக்கலாம். அந்த வாக்கியம் இல்லையென்றால் வழியில்லை. ஆகவே தாக்கல் செய்வதற்கு முந்தைய வாரமே, மூன்று கட்டத்துக்கும் ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட், எந்தெந்த டிரான்சிஸ்டர் கடத்துகிறது என்று ஒரு அட்டவணை போட்டு, அதை அப்படியே விவரக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.